தயாரிப்பு மேலாளர் பணிக்கு எது தகுதி?

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தொடங்கப்பெற்றது 1990இல். நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் இரயிலேறி அங்குப் பணிக்குச் செல்லும் தமிழ் இளைஞர்கள் பலர். நிரல் எழுதுவதையும் மென்பொருளைச் சோதிப்பதையும் விட்டு, ‘புராடக்ட் மேனேஜர்’ எனப்படும் தயாரிப்பு மேலாளராக வேண்டும் என்னும் விருப்பம் இத்தகையோரிடையே அண்மைக் காலமாக வளர்ந்து வருகிறது. விருப்பம் நல்லதே. அதற்கு அவர்களுட் சிலர் தேர்ந்தெடுக்கும் வழிதான் கவலையளிக்கிறது. பெருங்கட்டணம் பெறும் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளில் கடன் வாங்கிச் சேர்கின்றனர். கையிலிருக்கும் வேலையைத் துறப்போரும் உண்டு. கடன் வழங்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் இதழில் இவ்வாறு எழுதுவது சற்று முரணாகத் தோன்றலாம். எனினும் அக்கடன் பெரும்பாலும் வேண்டாத கடன் என்பதே என் கருத்து.

இப்பணியின் வேர் மென்பொருளில் இல்லை. 1931இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில், சோப்பு விளம்பரப் பொறுப்பிலிருந்த நீல் மெக்எல்ராய் என்பவர், ஒவ்வொரு பொருளுக்கும் முழுப்பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்று குறிப்பெழுதினார். இன்றும் பணியின் சாரம் அதுவே. விந்தை என்னவெனில், பொறுப்பு முழுவதும் இவருடையது. பொறியாளர்களுக்கு ஆணையிடும் அதிகாரமோ பெரும்பாலும் இவரிடம் இல்லை. பயனாளரை மற்றெவரையும்விட நன்கறிந்திருப்பது ஒன்றே இவரது செல்வாக்கு. அதனைச் சான்றிதழ் தருமா?

இதற்கு நல்ல பாடம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், அறுவை மருத்துவர் வலியத்தானின் தலைமையில் உருவானது சித்ரா இதய வால்வு. வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றோருள் ஏழைகளும் இளையோருமே மிகுதி. வெளிநாட்டு வால்வின் விலை அவர்களுக்கு எட்டாதது. விலை குறைய வேண்டும், பல்லாண்டு உழைக்க வேண்டும், நம் நாட்டிலேயே செய்யத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்ற தேவைகளைப் பற்றிக்கொண்டே அக்குழு உழைத்தது. முந்தைய வடிவங்கள் தோற்றன. ஒரு கட்டத்தில் செயற்கை நீலமணியாலான வட்டத்தகடு சோதிக்கப்பட்டது. கடினமும் பளபளப்பும் கொண்ட அத்தகடு உடைந்தது. இறுதியில் வென்றது உயர்தர பாலிஎத்திலீன், அதாவது ஒருவகைப் பிளாஸ்டிக். 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது, பின்னர் டி.டி.கே. குழுமம் அதனைத் தயாரித்து விற்கலாயிற்று. அங்கு எவருக்கும் ‘தயாரிப்பு மேலாளர்’ என்ற பெயர்ப்பலகை இருந்திராது. ஆயினும் நோயாளியின் தேவையை விடாமல் நீலமணியை விட்டார்களே, அதுவன்றோ இத்தொழில்!

அவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டியதில்லை. நவம்பர் மாதத்தில் எந்த வங்கிக் கிளைக்கும் சென்று பாருங்கள். ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழுக்காக வந்திருப்பார்கள். 2014இல் ‘ஜீவன் பிரமாண்’ மின்னணு முறை வந்தபோது விரல்ரேகை போதும் எனத் தோன்றியது. ஆனால் முதுமையில் ரேகை தேய்ந்துவிடுகிறது. கருவி மறுக்கும், பெரியவர் மீண்டும் மீண்டும் விரலைத் துடைத்து வைப்பார். முகத்தைக்கொண்டு அடையாளம் காணும் வசதி 2021இல்தான் சேர்ந்தது. அந்த வரிசையில் அரை நாள் நின்று, யார் எங்கே தடுமாறுகிறார், ஏன், எதை மாற்றினால் தீரும், அதற்காக எதைக் கைவிடலாம் என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நேர்காணலில் பல சான்றிதழ்களைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும்.

சோதனைப் பிரிவிலும் வாடிக்கையாளர் உதவிப் பிரிவிலும் இருப்போருக்கு இவ்வகையில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. பயனாளரின் முறையீடுகள் முதலில் வந்து சேரும் இடம் அவர்களுடைய மேசைதான். வாரந்தோறும் வரும் முறையீடுகளை வகைப்படுத்தி, முதன்மையான ஒன்றுக்குத் தீர்வு முன்மொழிந்து, அதன்பின் முறையீடு குறைந்ததா என்று கணக்கிட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் இருக்கும் நிறுவனத்துக்குள்ளேயே இடம் மாறுவதுதான் எளிது. உங்கள் உழைப்பை அறிந்தவர்கள் அங்குத்தான் இருக்கிறார்கள். அவ்வாறு கேட்டும் ஓராண்டாக வழி பிறக்கவில்லையெனில் வெளியே தேடலாம். அப்போதும், வீட்டுக்கடன் தவணையும் குடும்பச் செலவும் ஆறு மாதத்துக்குச் சேமிப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே பணிவிலகல் கடிதத்தில் கையொப்பமிடுங்கள்.