பள்ளி, உள்ளாட்சிப் பணியிடங்களை அறிவிப்பின்றி நிரப்பும் வழக்கம் குறித்து மாநிலச் செயற்குழுவின் நிலைப்பாடு

ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலும் நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளிலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் காலியாகும் இடங்களைத் தற்காலிகம், பகுதிநேரம், தொகுப்பூதியம், வெளிமுகமை என்று வெவ்வேறு பெயர்களில் நிரப்பும் வழக்கம் இக்கல்வியாண்டிலும் தொடர்வதால், இதுவரை மாவட்டந்தோறும் தனித்தனியாகச் சொல்லப்பட்டு வந்த கருத்தை அமைப்பின் பொது நிலைப்பாடாக அறிவிப்பது என மாநிலச் செயற்குழு முடிவு செய்துள்ளது. ஆசிரியர் தகுதித் தேர்வின் வரலாறும், அத்தேர்வில் வென்றவர்கள் நியமனத்திற்கென இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018 ஜூலை 20 அன்று வெளியான அரசாணை 149 உறுப்பினரிடையே உண்டாக்கிய பிளவும் அனைவரும் அறிந்தவை ஆதலால் இங்கே விரித்துரைக்கப்படவில்லை.

செயற்குழுவில் இரு தரப்பினர் உள்ளனர் என்பதை முதலிலேயே பதிவு செய்வது முறை. குறைந்த ஊதியத்தில் பல ஆண்டுகளாகத் தற்காலிகமாகவும் பகுதிநேரமாகவும் பணிபுரிவோர் ஒரு தரப்பினர். தேர்வில் வென்றும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தும் காத்திருப்போர் மறு தரப்பினர். முன்னவரின் பணிநிரந்தரக் கோரிக்கையும் பின்னவரின் திறந்த நியமனக் கோரிக்கையும் ஒன்றையொன்று வெட்டுவதாக வெளியே பேசப்படுகிறது. அவ்வாறு வெட்டும் இடங்கள் சில உண்டு என்பதைச் செயற்குழு மறுக்கவில்லை; ஆயினும் இரு தரப்பையும் ஒருசேர வஞ்சித்தது காலியிடத்தை மறைத்து நிரப்பும் முறைதான் என்பதில் குழு ஒருமனதாக உள்ளது.

அரசு வேலை தேடும் ஒருவருக்கு முதலில் தெரிய வேண்டியது எந்த இடம், எங்கே, எப்போது காலியாகிறது என்பதே. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் நாள் நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் தேவை என்று துறை வரையறுக்கும் பணியாளர் நிர்ணயம் முடிந்தவுடன், எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்திற்கு இடம் காலியாக உள்ளது என்பது வட்டாரக் கல்வி அலுவலகம் முதல் இயக்குநரகம் வரை அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் போவது அந்த வேலைக்குத் தகுதி பெற்று வெளியே நிற்பவருக்கு மட்டுமே. பள்ளி அறிவிப்புப் பலகையில் கையால் எழுதி ஒட்டப்படும் ஒரு தாளும், தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு செய்தியும், விண்ணப்பிக்கச் சில நாள் கெடுவும் அறிவிப்பு என்று கொள்ளப்படுமானால், அவ்வூரில் உறவோ தொடர்போ உள்ளவர் அறிந்துகொள்வார். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைத் தவறாமல் புதுப்பித்து நாற்பது வயதைத் தாண்டியவர், இடம் நிரம்பிய பிறகுதான் அது காலியாக இருந்ததையே அறிவார். இதை நிர்வாக வசதி என்று அதிகாரிகள் விளக்குவதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. பொது வேலையைத் தெரிந்தவர்களுக்குள் பங்கிடும் ஏற்பாட்டிற்கு அப்பெயர் பொருந்தாது.

2022 ஆம் ஆண்டு நிகழ்வு இதற்குப் போதிய சான்று. அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களை, அதாவது 4,989 இடைநிலை ஆசிரியர், 5,154 பட்டதாரி ஆசிரியர், 3,188 முதுநிலை ஆசிரியர் இடங்களை, பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழியே தற்காலிகமாக நிரப்ப அவ்வாண்டு ஜூனில் ஆணை பிறந்தது. மாத ஊதியம் முறையே ரூ.7,500, ரூ.10,000, ரூ.12,000 என்று அறிவிக்கப்பட்டுப் பின்னர் ரூ.12,000, ரூ.15,000, ரூ.18,000 என உயர்த்தப்பட்டது. ஜூலைத் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும், அது தளர்ந்து நியமனங்கள் நடந்ததும் உறுப்பினர் நினைவில் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழு என்பது 2009 ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி அமைவது; உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் வகுத்தல், நிதி செலவாகும் விதத்தைக் கவனித்தல், விதிகள் வகுக்கும் பிற பணிகளைச் செய்தல் ஆகியவையே அப்பிரிவு அதற்குத் தரும் பொறுப்புகள். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவற்றில் பெயர் சொல்லப்படவில்லை. கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாயைத் தலைவராக அமர்த்தி, இயக்குநரகம் எடுத்திருக்க வேண்டிய முடிவிற்கு அவர் கையொப்பத்தைப் பெறுவது, பெற்றோர் அதிகாரத்தின் பெயரால் பெற்றோர் மீதே பழியைச் சுமத்துவதாகும். அதே சட்டத்தின் 26 ஆம் பிரிவு, எந்தப் பள்ளியிலும் காலியிடங்கள் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் பத்து விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை நியமன அதிகாரியிடமே விட்டிருக்கிறது. 2013 ஆம் ஆண்டுத் தகுதித் தேர்வின் வழியே நடந்த நியமனங்களுக்குப் பிறகு இடைநிலை ஆசிரியர்களுக்கான அடுத்த நியமனத் தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. பத்தாண்டுக் காலம் அவர்களுக்கென ஒரு நியமனத் தேர்வையும் நடத்தாமல் இருந்துவிட்டு, அவசரத் தேவை என்று சொல்வதில் நியாயமில்லை.

செயற்குழு மிக நீண்ட நேரம் விவாதித்ததும், சமரசத்திற்கு இடமில்லை என்று எல்லாத் தரப்பும் ஏற்றதும், ஒதுக்கீட்டை நியமன வரிசையாக மாற்றும் இனச்சுழற்சியைப் பற்றியே. தமிழ்நாட்டில் நேரடி நியமனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, அருந்ததியருக்கான 3 உள்ளிட்டு ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என 69 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. இவ்விழுக்காடுகள் நியமனமாக மாறுவது 200 முறை கொண்ட ஒரு சுழற்சிப் பட்டியலின் வழியே. முதல் இடம் யாருக்கு, இரண்டாம் இடம் யாருக்கு என்று 200 வரை வரிசை குறிக்கப்பட்டு, ஒரு நியமனம் எந்த எண்ணில் நின்றதோ அதற்கு அடுத்த எண்ணிலிருந்து அடுத்த நியமனம் தொடங்கும். பெண்களுக்கான 30 விழுக்காடு, தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காடு, மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காடு ஆகியவையும் இவ்வரிசையோடு இணைந்தே நடைமுறைக்கு வருகின்றன. ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே தொகுப்பாக அறிவித்தால்தான் வரிசை நகரும். அதே இடங்களைப் பள்ளிக்கு ஒன்று, இரண்டு என உடைத்து ஒவ்வொரு பள்ளியையும் தனி அலகாக்கினால் எந்தப் பள்ளியிலும் சுழற்சி முதல் சில எண்களைத் தாண்டாது. இருநூறில் இரண்டே முறை பெறும் பழங்குடியினரின் முறை எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் வராது. இவ்வாறு ஒதுக்கீட்டை நீக்கும் சட்டம் எதையும் எவரும் இயற்றாமலேயே, ஒதுக்கீட்டை எதிர்த்து எவரும் ஒரு சொல் பேசாமலேயே, பல்லாயிரம் இடங்களில் அது இல்லாமற் போகிறது. 69 விழுக்காட்டைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றி, அதை 1994 இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்க வைத்த மாநிலத்தில், ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்தின் ஓர் அலுவலக அறையில் அதே உரிமை சத்தமின்றிக் கரைவதை இவ்வமைப்பு கடுமையான சொற்களால் கண்டிக்கிறது. சமூகநீதியைப் பேசும் எந்தக் கட்சியும், தன் ஆட்சிக்காலத்தில் நிரப்பப்பட்ட தற்காலிக இடங்களில் சுழற்சி பின்பற்றப்பட்டதா என்ற கேள்விக்கு விடை தரக் கடமைப்பட்டுள்ளது.

தற்காலிகப் பணியில் சேர்ந்தவருக்கும் இம்முறை நன்மை செய்யவில்லை. கர்நாடக அரசு எதிர் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2006 ஏப்ரல் 10 அன்று அளித்த தீர்ப்பின்படி, பொது அறிவிப்பும் திறந்த போட்டியும் இல்லாமல் பணியில் சேர்ந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர இயலாது. அனுமதிக்கப்பட்ட இடங்களில் நீதிமன்ற ஆணைகளின் துணையின்றிப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியவர்களுக்கு ஒருமுறை மட்டும் விலக்களிக்க அத்தீர்ப்பு இடந்தந்தது. பின்வாசல் நியமனம் என்ற சொல் அன்றுமுதல் ஒவ்வொரு எதிர்மனுவிலும் இடம்பெறுகிறது. முன்வாசலைப் பூட்டி வைத்திருப்பதும் அரசே, பின்வாசலைத் திறந்து அழைப்பதும் அரசே, பத்தாண்டு வேலை வாங்கிய பின் பின்வாசலால் வந்தவர் என்று நீதிமன்றத்தில் சுட்டுவதும் அதே அரசே. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், நீண்டகாலம் பணிபுரிந்தோரின் கோரிக்கையை மறுக்கும் கருவியாக உமாதேவி தீர்ப்பு தவறாகப் பயன்படுத்தப்படுவதைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. எனினும் தீர்ப்புக்குத் தீர்ப்பு காத்திருக்கும் நிலையில் ஓர் ஆசிரியரை வைத்திருப்பது நியாயம் ஆகாது. 2012 இல் ஓவியம், உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்கு மாதம் ரூ.5,000 ஊதியத்தில் 16,549 பேரைக் கொண்டு தொடங்கிய பகுதிநேர ஆசிரியர் திட்டம் இதற்கு உதாரணம்: ஊதியம் ரூ.10,000 ஆகவும் பின்னர் ரூ.12,500 ஆகவும் உயர்ந்தது; பணிநிலை மட்டும் தொடங்கிய இடத்திலேயே நின்றது.

உள்ளாட்சிப் பணிகளில் நிலை இன்னும் மோசமாக உள்ளது. வெளிமுகமை என்பது பணியாளரை உள்ளாட்சி நேரடியாக நியமிக்காமல் ஒப்பந்த நிறுவனம் வழியே பெறுவது; அங்கே அறிவிப்பும் இல்லை, சுழற்சியும் இல்லை, வேலை கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கே தெளிவான விடை இல்லை. சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்த தூய்மைப் பணியாளர்கள், ஏறத்தாழ ரூ.23,000 பெற்றுவந்த தாங்கள் ஏறத்தாழ ரூ.17,000க்குத் தள்ளப்படுவதாக முறையிட்டனர். 13 ஆம் தேதி நள்ளிரவில் அவர்கள் அகற்றப்பட்டனர். தலைமுறைகளாக இப்பணியைச் சுமந்தவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்கக்கூடிய காலம் வந்தபோது அந்தப் பணியிடமே இல்லாமல் ஆக்கப்படுவதைத் தற்செயல் என்று கருத இவ்வமைப்பால் இயலவில்லை. 24 மாதங்களில் 480 நாள் பணி முடித்தவரை நிரந்தரமாக்கும் 1981 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பயன், அது பொருந்தும் பணியாளர் அனைவருக்கும் கிடைக்க வேண்டும்.

தொடர்புடைய வேறு சில நிகழ்வுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். நகராட்சி நிருவாகத் துறையின் 2,538 நியமனங்களில் பணம் கைமாறியதாக 2025 அக்டோபரில் அமலாக்கத் துறை காவல்துறைக்கு எழுதியதும் அரசுத் தரப்பு அதை மறுத்ததும் குறித்து, விசாரணை முடியும் முன் கருத்துச் சொல்வதைச் செயற்குழு தவிர்க்கிறது. சத்துணவு மையங்களில் 8,997 சமையல் உதவியாளர்களை மாதம் ரூ.3,000 தொகுப்பூதியத்தில் எடுக்கும் முடிவு, ஒரு பெண்ணின் முழுக் காலை உழைப்பிற்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் என்று விலை வைப்பதாகும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு 2024–25 இல் தர வேண்டிய ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது கண்டனத்திற்குரியது. எனினும் அதற்கும் முந்தைய காலியிடங்களுக்கு அது விளக்கமாகாது. பணியிலுள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் வெல்ல வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு குறித்துத் தனி அறிக்கை வெளியாகும். அரசாணை 149 குறித்து ஒருமித்த கருத்து எட்டப்படாததால் அதைப் பற்றி இங்கே புதிய நிலைப்பாடு எதுவும் எடுக்கப்படவில்லை.

ஆகவே, பணியாளர் நிர்ணயம் முடிந்த 30 நாளுக்குள் பள்ளிவாரி, பாடவாரிக் காலியிடப் பட்டியலை மாவட்ட இணையதளத்திலும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் வெளியிட வேண்டும் என்றும், ஆசிரியர் தேர்வு வாரியம் தன் ஆண்டுத் திட்ட அட்டவணையில் சொல்லும் தேர்வுகளைச் சொன்ன காலத்தில் நடத்த வேண்டும் என்றும் இவ்வமைப்பு கோருகிறது. இடைக்கால நியமனம் தவிர்க்க இயலாத இடங்களில், மாவட்டம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு, தகுதித் தேர்வில் வென்றோரிலிருந்து இனச்சுழற்சிப்படி மட்டுமே அது செய்யப்பட வேண்டும். பொதுத்துறை நிறுவனங்கள், வாரியங்களின் நேரடி நியமனங்களை அரசுப் பணியாளர் தேர்வாணையத்திடம் அளிக்க 2022 ஜனவரியில் சட்டமன்றம் சட்டமுன்வடிவு நிறைவேற்றியதைப் போல, உள்ளாட்சிகளின் எல்லா நிலை நேரடி நியமனங்களும் அவ்வாணையத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஏற்கெனவே பணிபுரியும் தற்காலிக, பகுதிநேர ஆசிரியர்களுக்குச் சட்டம் இடந்தரும் அளவில் பணிநிரந்தரமும், அது இயலாத நேர்வுகளில் பணிக்கால மதிப்பெண்ணும் வயது வரம்புத் தளர்வும் வழங்கப்பட வேண்டும். இப்பத்தியின் கடைசிக் கோரிக்கை போதாது என்று சில உறுப்பினரும், மிகுதி என்று சில உறுப்பினரும் தெரிவித்த மாற்றுக் கருத்துகள் கூட்டக் குறிப்பேட்டில் பதியப்பட்டுள்ளன.

ஒவ்வொரு மாவட்டக் கிளையும் தன் எல்லைக்குட்பட்ட வட்டாரக் கல்வி அலுவலகங்களிலும் நகராட்சி, மாநகராட்சி அலுவலகங்களிலும் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு அளித்து, 2022 ஜூன் முதல் நிரப்பப்பட்ட தற்காலிக, வெளிமுகமை இடங்கள் எத்தனை, அறிவிப்பு எந்த நாளில் எங்கே வெளியிடப்பட்டது, ஒவ்வொரு நியமனமும் சுழற்சியின் எந்த எண்ணில் செய்யப்பட்டது ஆகிய மூன்று விவரங்களையும் கேட்டுப் பெற வேண்டும். நியமனம் பெற்றவரின் பெயரைக் கேட்கக் கூடாது. அவர்களும் இவ்வமைப்பின் உறுப்பினர்களே. 30 நாளுக்குள் விடை வராத அலுவலகங்கள் மீது முதல் மேல்முறையீடு செய்து, அதன் நகலை மாநில அலுவலகத்திற்கு அனுப்புமாறு மாவட்டச் செயலாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.