பிராட் பிட்டின் வைனும் எங்க பிளேன்டியும்

ஹொலிவூட் நடிகர் பிராட் பிட்டுக்குப் பிரெஞ்சு வைன்னா உயிர். 2008லேயே பிரான்ஸின் புரோவென்ஸில் இருக்கிற மிராவல் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிட்டார். குடியை விட்டுட்டதா 2017ல் அவரே ஒரு பேட்டியில் சொன்னார். இருந்தாலும் மிராவல் போத்தலில் ஊர்ப் பெயரும் அறுவடை வருசமும் இருக்கும். ரசிக்கிறவங்க அதை வாசிச்சிட்டுத்தான் ஊத்துவாங்க.

ஊவா தேயிலைக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கு. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காத்து அடிக்கும்போது கொழுந்தில் தனி வாசம் ஏறும். டார்ஜிலிங்கோட சேர்த்து உலகம் பேசுற வாசம் அது. 1890ல் அப்புத்தளை தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கின லிப்டனின் பெயர் இன்னைக்கும் தேயிலைப் பெட்டியில் இருக்கு. கொழுந்து பறிச்சவங்க பெயர் செக்ரோலில் மட்டும்தான்.

நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போயிடும். லயத்துப் பிளேன்டிக்கு மிஞ்சுறது தூள். கச்சான் வாசம் ஃபெக்டரிப் பக்கம் போனா மூக்குக்குத் தெரியும், கோப்பையில் தெரியாது.

நடிகரோட ருசி மேல எங்களுக்குப் பொறாமை இல்லை. ருசி காசுக்காரங்களுக்கு மட்டும்தான்னு சொன்னா ஏத்துக்க மாட்டோம். அடுத்த சம்பளப் பேச்சில் இதையும் கேட்கணும்: பருவத் தேயிலையில் ஒரு பங்கு, பறிச்ச வீட்டுக்கு.