மரம் இறக்கும் கூலி



மரம் வளர்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை என்பது நம்மிடையே வழங்கும் எண்ணம். கொட்டையைப் போட்டோம், மழை பெய்தது, மரமாயிற்று என்போம். ஆனால் அதே மரம் முதுமையுற்று ஒரு பக்கம் சாயும்போதோ, அதன் வேர் கிணற்றுச் சுவரைப் பிளக்கும்போதோ, கூலி பேச வந்தவர் சொல்லும் தொகையைக் கேட்டு வீட்டார் திடுக்கிடுகின்றனர். "ஒரு மரத்தை வெட்ட இவ்வளவா?" என்று கேளாத குடும்பத் தலைவரைக் காண்பது அரிது. அத்தொகை எதற்கான விலை என்பதை இத்திங்கள் சற்று ஆராய்வோம்.

ஒற்றை மாமரத்தின் பெயரையே ஒரு பெருங்கோயில் தாங்கி நிற்கும் நம் காஞ்சி நகரில், நெசவாளர் தெருக்களின் பழைய வீடுகள் பலவற்றின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். முகப்பு குறுகியது, நீளம் மிகுந்தது. பக்கச் சுவர் இரு வீட்டாருக்கும் பொதுவானது. முன்கட்டில் தறி, அதனை அடுத்துச் சமையற்கட்டு, கொல்லைப்புறத்தில் கிணறும் ஒரு மரமும். அம்மரத்தை அடியில் அறுத்து அப்படியே சாய்க்க இடமேது? ஒருபுறம் அடுத்த வீட்டு ஓடு, மறுபுறம் மின்கம்பி. ஆகவே ஒருவர் உச்சிக்கு ஏறிக் கிளை கிளையாகக் கழித்து, ஒவ்வொன்றையும் வடக்கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். கீழே இருவரேனும் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். இறக்கிய கட்டைகள் தெருவை அடைய வேறு வழியில்லாத வீடுகளில், தறி நிற்கும் அறையின் ஊடாகவே அவற்றைச் சுமந்து செல்ல வேண்டும். பட்டுப் பாவு ஏற்றிய தறியில் ஒரு முரட்டுச் சுள்ளி உரசினாலும் இழை அறும். ஆதலால் அன்று நெசவும் நிற்கும். இவ்வாறு நோக்கின், வெட்டுவது எளிய பாதி. இறக்கி அப்புறப்படுத்துவதே கடினமான பாதி என்பது விளங்கும்.

இவ்வுண்மையை நம் மாநில அரசே ஒருமுறை ரூபாய்க் கணக்கில் எழுதிக் காட்டியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்து, தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அப்போது அறிவிக்கப்பட்ட நிவாரணத்தில், விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் தனித்தனியே குறிக்கப்பட்டன. ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் மொத்தம் 1,92,500 ரூபாய். இத்தொகை போதாது என்று உழவர்கள் முறையிட்டனர். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பல்லாண்டு காய்த்த மரத்தின் இழப்புக்கு 600. பட்ட மரத்தைத் தோப்பினின்று நீக்க 500. ஏறக்குறையச் சமம்! அவையோ ஏற்கெனவே தரையில் விழுந்து திறந்த தோப்பில் கிடந்தவை. எவரும் ஏற வேண்டாத, இறக்க வேண்டாத மரத்துக்கே இக்கணக்கு என்றால், வீடுகளுக்கிடையே நிமிர்ந்து நிற்கும் மரத்துக்குக் கூடுதல் கூலி கேட்பதில் வியப்பென்ன?

இனி, பேரம் பேசுவதைப் பற்றி. கூலியைக் குறைக்கலாம், ஆனால் வேலையின் ஆபத்தைக் குறைக்க முடியாது. மூவர் செய்ய வேண்டிய வேலைக்கு இருவர் வருவர். இடுப்புக் கயிறு இன்றி ஒருவர் ஏறுவார். கட்டி இறக்க வேண்டிய கிளையை அப்படியே தள்ளிவிடுவர். நாம் மிச்சப்படுத்திய பணத்தை ஏறியவரின் உடலோ அடுத்த வீட்டு ஓடோ செலுத்த நேரிடும். அவர் தவறி விழுந்தால் அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் அவர் குடும்பத்தின் கதி என்ன? தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் கருவியைக் கொண்டு ஏறும் பயிற்சி அளித்து வருகிறது. 'கேர சுரக்ஷா' என்னும் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தையும் அவர்களுக்காக வகுத்துள்ளது. நம் வீட்டு வேம்பிலும் மாவிலும் ஏறுபவரும் அதே உயரத்தில்தானே நிற்கிறார்! ஆகவே "எவ்வளவு?" என்று கேட்குமுன், "எத்தனை பேர் வருவீர்கள்? கயிறு உண்டா? காப்பீடு உண்டா?" என்று கேளுங்கள். கம்பி அருகில் இருப்பின் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்னோட்டம் நிறுத்தப்பட்ட பின்னரே ஏறச் சொல்லுங்கள். கட்டை யாருக்கு, அடிக்கட்டையைத் தோண்டுவது யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள். பின்னர் எழும் பூசல்களில் பெரும்பாலானவை இவ்விரண்டினின்றே பிறக்கின்றன.

அயலாரையும் மறத்தல் ஆகாது. விழுந்து பிறருக்குத் தீங்கு விளைக்கக்கூடிய மரத்தை அகற்றவோ, அதற்கு முட்டுக் கொடுக்கவோ உரியவருக்கு ஆணையிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. முன்னர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக உள்ளது. அண்டை வீட்டார் மனு எழுதும் நிலைக்கு வருமுன் நாமே அவர்களை அழைத்துப் பேசுவதன்றோ குடும்பத்துக்கு அழகு?

சட்டம் "அகற்றுக" என்று மட்டும் கூறாமல், முட்டுக் கொடுக்கவும் இடம் வைத்திருப்பதை எண்ணுக. மேற்கு வங்கத்தில் மேம்பாலங்களுக்காக வெட்டப்படவிருந்த 356 மரங்களைக் குறித்து ஆராய உச்சநீதிமன்றம் 2020-இல் அமைத்த வல்லுநர் குழு, ஒரு மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்கி அதன் மதிப்பைக் காணலாம் என்றது. அதன்படி இருபது வயது மரம் 14,90,000 ரூபாய் பெறும். இப்பணத்தை எவரும் நம் கையில் தரப்போவதில்லை. எனினும் வெட்டும் செலவோடு, இழக்கும் நிழலும் காற்றும் கணக்கில் சேர வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்ன தலைவனிடம் இன்னும் ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரரை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். அவர் வெறுங்கையோடு இரந்து நிற்கவில்லை. கொத்தி எருவிடும் உழைப்பைத் தாமே ஏற்றார். மரத்தைக் காக்க விரும்புவோரும் அவ்வாறே வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணியிலோ புரட்டாசியிலோ, ஆண்டுதோறும் பாரமான கிளைகளைக் கழித்துவிடல் வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் சென்னையிலும் நம் மாவட்டத்திலும் சாய்ந்த மரங்களை நாம் மறந்துவிடவில்லை. சிறு செலவை ஆண்டுதோறும் செய்தால் பெருஞ்செலவு ஒருநாள் வாயிலில் வந்து நிற்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இறுதியாக ஒன்று. வீடு மந்திரிக்கச் செல்லும் நாள்களில் நாம் காணும் காட்சி இது: கைம்பெண் ஒருவர் தனித்து வாழும் ஓட்டு வீட்டின்மேல் பட்டுப்போன மரம் ஒன்று சாய்ந்து நிற்கும். அவருக்கு ஆபத்து தெரியாமலில்லை. கூலி கொடுக்கத்தான் வழியில்லை. காற்று எழும் இரவுகளில் அவர் உறங்குவதில்லை. நோயுற்றோருக்கு மருந்தும் பிள்ளைகளுக்குப் புத்தகமும் வாங்கித் தரும் நம் வின்சென்ட் தே பவுல் சபையாரும் அன்பியக் குடும்பங்களும், மழைக்காலத்துக்கு முன் இத்தகைய ஒரு வீட்டையேனும் தேடிச் சென்று, அம்மரத்தை இறக்கும் கூலியைப் பகிர்ந்து ஏற்பார்களாயின், அதுவும் சிறந்த அறச்செயலே. நம் வீட்டு மரத்துக்கு உரிய கூலியை முணுமுணுக்காமல் கொடுப்போம். கொடுக்க இயலாதவரின் சுமையில் ஒரு பங்கையும் ஏற்போமாக!