அண்ணாச்சியின் காதும் நமது டிகிரிக் கணக்கும்



எனக்கு ஊர் கொற்கை. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். லீவு நாளில் ஏரலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய் நிற்பேன். அங்கே உள்ள மெக்கானிக் அண்ணாச்சி படித்தது ஐந்தாம் வகுப்பு.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பழைய அம்பாசிடர் வரும். 1489 சி.சி. பெட்ரோல் வண்டி. உப்புக்காற்றில் சி.பி. பாயிண்ட் அடிக்கடி பூத்துப் போகும். அண்ணாச்சி உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்ப்பார். டைமிங்குக்கு மட்டும் கருவி எதுவும் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் மெள்ளத் திருப்பி, காதால் கேட்டே முறுக்கி வைப்பார்.

போன வருஷம் அந்த வண்டிக்காரர் வெளிநாட்டிலிருந்து ஒரு புது டிஸ்ட்ரிபியூட்டர் வரவழைத்தார். நெதர்லாந்தின் 123 இக்னிஷன் போன்றவர்கள் இப்படிச் செய்கிறார்கள். உள்ளே பாயிண்டும் இல்லை, எடைக்கல்லும் ஸ்பிரிங்கும் இல்லை, சின்ன கம்ப்யூட்டர்தான். எந்த வேகத்தில் எத்தனை டிகிரி முன்னால் பொறி விழ வேண்டும் என்பதை செல்போனிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.

அண்ணாச்சி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, நீதான டிப்ளமா படிக்க? இத நீயே பாரு” என்று என்னிடம் நீட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை!

கணக்கு எனக்குத் தெரியும். பெட்ரோல் எரிந்து அழுத்தம் உச்சிக்கு வர 2 மில்லி செகண்டு என்று வைத்துக்கொள்வோம். 600 ஆர்.பி.எம்.மில் அந்த நேரத்துக்குள் கிராங்க் திரும்புவது ஏறத்தாழ 7 டிகிரி. 3000 ஆர்.பி.எம்.மில் அதுவே 36 டிகிரி. அதனால்தான் வேகம் கூடக்கூட பொறியை முன்கூட்டியே விட வேண்டும். இந்தக் கணக்கை நம்பி ஒரு கர்வ் போட்டுக் கொடுத்தேன். வண்டி ஸ்மூத்தாக ஓடியது. பாலத்து ஏற்றத்தில் டாப் கியரில் ஏறும்போது அண்ணாச்சி சட்டென்று, “நாக் அடிக்கு, கேக்கலியா?” என்றார். சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை. 1500 ஆர்.பி.எம். பக்கம் 3 டிகிரி குறைத்தேன். மறுபடி ஏற்றினோம். “இப்ப சரி” என்றார். கவனித்து அந்தச் சத்தத்தைப் பிரித்துக் கேட்க எனக்கு இன்னும் நாலைந்து நாள் ஆயிற்று.

அன்றைக்கு எனக்குப் புத்தி வந்தது. கர்வை எழுதியது நான். அது சரியா தப்பா என்று சொன்னது அவர் காது. அவர் இல்லையென்றால், நாக் அடித்தே ஒருநாள் பிஸ்டன் போயிருக்கும். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்காது.

“பழைய வண்டியைப் பழையபடி விடுங்கப்பா” என்பார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாற்பது வருஷம் ஓடித் தளர்ந்த ஸ்பிரிங் கம்பெனி வைத்த கர்வைத் தராது. பெட்ரோலும் அதே பெட்ரோல் இல்லை. ஈயம் கலந்தது 2000-ல் நின்றது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. டைமிங்கை மறுபடி பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்கு இந்தப் புதுச் சாமான் நல்லதுதான்.

“அப்படியானால் பழையதைக் காயலான் கடையில் போடு” என்பார்கள் வேறு சிலர். அதுவும் தப்பு. நடுராத்திரி ரோட்டில் பாயிண்ட் மக்கர் செய்தால் உப்புத்தாள் போதும். எலக்ட்ரானிக் போர்டு போனால் என்ன செய்ய முடியும்? பழைய டிஸ்ட்ரிபியூட்டர் டிக்கியில் துணியில் சுற்றிக் கிடக்கட்டும்.

இது ஏதோ காசுள்ளவர் வண்டிச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. இதே வேலையை ஈ.சி.யு. செய்கிறது. நாளை நாம் வேலைக்குப் போகும் இடத்தில் ஸ்கேனரும் லேப்டாப்பும்தான் கையில் இருக்கும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவனுக்கு ஸ்கேனர் என்ன சொன்னாலும் வேதவாக்குதான்!

எங்கள் கடற்கரையில் அரசு நடத்திய கடைசி முத்துச் சலாபம் 1961-ல். குளித்தவர்களோடு அந்தக் கைப்பழக்கமும் போய்விட்டது. பாயிண்ட் வண்டிகளும் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. அண்ணாச்சிமார் காதில் இருப்பதையும் நாம் அப்படியே போகவிடலாமா?

பேரவைக்கு என் தாழ்மையான வேண்டுகோள் இதுதான். நம் ஒர்க்‌ஷாப்பில் பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்றை ஓடும் நிலையில் வைப்போம். மாதம் ஒருமுறை ஒரு மெக்கானிக் அண்ணாச்சியை அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கற்றுக்கொள்வோம். பதிலுக்கு செல்போனில் கர்வ் எழுத அவருக்கு நாம் சொல்லிக் கொடுப்போம். படிக்காதவர் என்று அவரையும், ஏட்டுச் சுரைக்காய் என்று நம்மையும் ஊரார் பேசுவது அப்போதுதான் நிற்கும்.

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு