பற்பொடியும் பல்பொடியும்

பள்ளிச் சிறுவன் ஒருவன் 'பற்பொடி' என்று தாளில் எழுதுகின்றான். பகரத்தை எழுதிய கை, அடுத்து லகர ஒற்றை விட்டு றகர ஒற்றை இடுகின்றது. பொடி என்னும் சொல் இன்னும் தாளுக்கு வரவேயில்லை. ஆயினும் அது வல்லினத்தில் தொடங்குவதென உள்ளம் முன்னரே அறிந்திருந்தாலன்றி அவ்விடத்தே றகரம் விழுதற்கு வழியில்லை. மரக்கிளையில் மகரம் கெட்டுக் ககரம் மிகுவதும், மரவேரில் மகரம் கெடுவதோடு அமைவதும், மட்குடத்தில் ணகரம் டகரமாவதும் இத்தகையனவே. வருமொழியை நோக்கியே நிலைமொழியின் ஈறு அமைகின்றது.

மேலைநாட்டார் இதனை அண்மையிற்றான் அளக்கத் தொடங்கினர். செருமானிய மொழி கூட்டுச்சொற்கள் மலிந்தது. அந்நாட்டு ஆய்வாளர் வைன்கார்ட்டன், நோட்புசு, வில் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சொல்லும் சொல்லும் பொருந்தும் எல்லையில் எழுதுவோர் சற்றே தயங்குவதையும், வெறும் அசையெல்லையில் அத்துணைத் தயக்கம் இன்மையையும் கண்டுரைத்தனர். உள்ளம் கூட்டுச்சொல்லை உறுப்புறுப்பாகவே எடுத்துக் கைக்குத் தருகின்றது என்பது இதனாற் பெறப்படும். செருமானியத்தில் முதற்சொல் பெரும்பாலும் திரியாது நிற்கும். இடையில் ஓரெழுத்து வந்து இணைத்தலும் உண்டு. தமிழிலோ நிலைமொழியே திரிதலால், எழுதுவோன் உள்ளம் இன்னும் ஒரு படி முந்திச் செல்லல் வேண்டும்.

முந்துதல் மட்டும் போதாது. இரு சொற்கும் உள்ள உறவும் தெரிதல் வேண்டும். மறவர்க்கு நடப்பெற்ற கல் நடுகல். வினைத்தொகையாதலின் அங்கு ஒற்று மிகாது. நடுக்கல் என்றால் நடுவிற் கிடக்கும் கல்லாகிவிடும். (ஊறுகாயை மட்டும் எவரும் பிழைபட எழுதுவதில்லை, நாக்கு காத்துக்கொள்கின்றது போலும்!) தொகைகளை 6 வகையாகப் பகுத்த தொல்காப்பியர், அவையெல்லாம் ஒரு சொல்லாகவே நடக்கும் என்று எச்சவியலில் உரைத்ததும் இவ்வுறவு நோக்கியே.

'தமிழ் பள்ளி' எனப் பெயர்ப்பலகை எழுதுவோர், ஒற்று இன்றியும் பொருள் விளங்குமே என்பர். படிப்போனுக்கு விளங்கலாம்; எழுதியவனோ இரு சொற்கும் உள்ள உறவை எண்ணியே பார்த்திலன். இதனினும் கேடு தேர்வுத்தாளில் நிகழ்கின்றது. சேர்த்தெழுதுக, பிரித்தெழுதுக என்னும் வினாக்கட்கு 4 விடைகளை அச்சிட்டுத் தந்து, ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்கின்றனர். 'பற்பொடி'யைக் கண்ணாற் கண்டு குறியிடும் சிறுவனின் கை அந்தப் புணர்ச்சியை ஒருகாலும் கடப்பதில்லை. அவனே வீட்டுக்கணக்கில் 'பல்பொடி' என்றெழுதினால் அவனைக் கடிந்து பயனென்ன? இவ்விரு வினாக்களையும் தொடக்க வகுப்பு முதலே கையால் எழுதிக்காட்டும் வினாக்களாக மீட்டும் வைத்தல் வேண்டும். ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைத்தலும் வேண்டும்.