வென்றவர் எப்படி ஆடினார்?



அமெரிக்கக் காற்பந்தைப் பற்றி எழுதுவேன் என்று நானே எண்ணியதில்லை. நமக்குக் காற்பந்து என்றால் உருண்டைப் பந்தும் இரண்டு கோல் கம்பங்களும்தாம். அவர்களுடையதோ முட்டை வடிவப் பந்து. காலைவிடக் கைக்கே அங்கு வேலை அதிகம்!

பிலடெல்பியாவில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அவ்வூர் ஈகல்ஸ் அணியின் தீவிர இரசிகர். 2025 பிப்ரவரி 9ஆம் நாள் ‘சூப்பர் பவுல்’ இறுதியாட்டத்தில் அவ்வணி கன்சாஸ் சிட்டி சீப்ஸ் அணியை 40-22 என வீழ்த்தியது. மறுநாள் அவர் அழைத்தார். பள்ளி விடுமுறை என்பதால் எனக்கும் நேரமிருந்தது. வெற்றிச் செய்தி இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. மற்ற நேரமெல்லாம் ஜேலன் ஹர்ட்ஸ் என்ற ஒருவரைப் பற்றிய பேச்சுத்தான். “ஐயா, ஜெயித்த பிறகும் எங்களுக்குள் சண்டை ஓயவில்லை” என்றார்.

ஹர்ட்ஸ் அவ்வணியின் குவாட்டர்பேக். களத்தில் பதினொருவர் நின்றாலும் தாக்குதலில் பந்து பெரும்பாலும் இவர் கைக்கே முதலில் வரும். எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தாமே ஓடுவதா என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். ஆகவே வென்றால் மாலை, தோற்றால் வசை.

இரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்திருந்தனர். ஒரு சாரார், கோப்பையே வந்துவிட்டது, இனி அவரைக் குறைகூற எவருக்கும் வாயில்லை என்றனர். மறுசாரார் தற்காப்பு வீரர்களைக் காட்டினர். எதிரணியின் குவாட்டர்பேக் மகோம்ஸ் ஆறு முறை பந்துடன் வீழ்த்தப்பட்டார். அவர் எறிந்த பந்தைப் பறித்துக் கூப்பர் டிஜீன் தம் பிறந்தநாளன்று டச்டவுன் அடித்தார். இடைவேளையிலேயே 24-0. இந்தத் தற்காப்பு இருந்தால் யார் ஆடினாலும் வென்றிருக்கலாமே என்பது இவர்கள் வாதம்.

எனக்கு இரண்டுமே நிறைவளிக்கவில்லை. பிறகு அவ்வாட்டத்தின் பதிவைப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் ஈகல்ஸ் அணியின் பெரும்பலம் 2,000 கெஜத்துக்கு மேல் ஓடிய சேக்வான் பார்க்லி. சீப்ஸ் அவரை நன்றாகவே மடக்கினர். 25 ஓட்டங்களில் 57 கெஜம்தான் கிடைத்தது. அந்த இடைவெளியை நிரப்பியவர் ஹர்ட்ஸ். 22 எறிதல்களில் 17 சேரவேண்டிய கையைச் சேர்ந்தன. 221 கெஜம், இரண்டு டச்டவுன்கள். தாமே 72 கெஜம் ஓடி இன்னொரு டச்டவுனும் சேர்த்தார். ஒரு பந்தை எதிரணியிடம் பறிகொடுத்ததும் உண்மை. வென்றதால் அந்தத் தவறு மறைந்துவிடாது. தற்காப்பு சிறந்ததால் இந்த உழைப்பும் குறைந்துவிடாது.

இதைவிட முக்கியமானது வேறொன்று. 2023இல் இதே இரண்டு அணிகளும் இதே கோப்பைக்கு மோதின. அன்று ஹர்ட்ஸ் 304 கெஜம் எறிந்தார். மூன்று டச்டவுன்களை ஓடியே அடித்தார். ஆனால் ஒருமுறை பந்து அவர் கையிலிருந்து நழுவ, எதிரணியினர் அதை எடுத்தோடி டச்டவுன் ஆக்கினர். ஆட்டம் 38-35 எனக் கைநழுவியது. அன்றும் அவரைப் பாராட்டியவர்கள் இருந்தனர். ஆயினும் பலர் மனத்தில் தங்கியது அந்த நழுவிய பந்து. எண்ணிக்கையைப் பார்த்தால் தோற்ற ஆட்டத்தில் அவர் செய்தது அதிகம்; சிறந்த ஆட்டக்காரர் விருதோ வென்ற ஆட்டத்தில்தான் கிடைத்தது! தோற்றுத் தலைகுனிந்து வெளியேறிய படத்தையே அவர் தம் கைப்பேசியின் முகப்பில் வைத்திருந்தாராம். அவருடைய தந்தையார் ஓர் உயர்நிலைப்பள்ளியின் காற்பந்துப் பயிற்றுநராக இருந்தவர். மகனுக்கும் அவரே பயிற்சியளித்தவர்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? நாமும் அந்த இரசிகர்களைப்போலத்தான் பேசுகிறோம். தேர்ச்சி அறிக்கை வந்ததும் “எத்தனை ஏ?” என்கிறோம். எப்படிப் படித்தாய், எங்கே தடுமாறினாய் என்பது நினைவுக்கு வருவதில்லை. பெற்றோரை மட்டும் சொல்லவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் புதிர்ப்போட்டி ஒன்றுக்கு மூன்று மாணவர்களை அழைத்துச் சென்றேன். கடைசிக் கேள்விக்கு விடை சொன்ன மாணவனால் வெற்றி கிட்டியது. அவனைத் தூக்கிக் கொண்டாடினோம். மறுநாள் சபைகூடலில் மேடையேற்றினேன். அதற்குமுன் ஏழு கேள்விகளுக்கு விடையளித்து, எட்டாவதில் தவறிய மாணவி கூட்டத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு போட்டிக்குப் பெயர் கேட்டபோது, “வேறு யாரையாவது போடுங்கள் ஐயா, நான் தப்பாகச் சொல்லிவிடுவேன்” என்றாள். அந்த ஏழு விடைகளை அன்றுதான் அவளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். நான்காவதற்கு மேல் அவளுக்கே நினைவில்லை.