ஒசாகா கோட்டையும் ‘போலி’ என்ற சொல்லும்

ஒசாகா கோட்டைக்குச் சென்று திரும்புவோரில் ஒரு சாராரிடம் ஒரே மனக்குறை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது: உள்ளே மின்தூக்கி இருக்கிறது, சுவர் கான்கிரீட், ஆகவே எல்லாம் போலி. மறுசாராருக்கோ அது சாமுராய் வீரத்தின் நேர்ச்சாட்சி. அகழியோரம் ஒரு படம், ஹிதேயோஷியைப் பற்றி இரண்டு வரி, அத்துடன் முடிந்தது. எதிரெதிர் முகாம்களாகத் தோன்றினாலும் இரு சாராரின் பிழையும் ஒன்றே. இருவருக்குமே கோட்டையின் வரலாறு 1868உடன் முடிந்துவிடுகிறது. மரபுரிமையைப் பாடமாகப் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் இதில் விலக்கல்லர். வகுப்பறையில் 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணத்தை மேற்கோள் காட்டி, ‘அசல்’ என்பது பண்பாட்டுச் சூழலைப் பொறுத்தது என்று விளக்குவோர், கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்தவுடன் அதை மறந்துபோகின்றனர்.

1583இல் தொயோதோமி ஹிதேயோஷி கட்டத் தொடங்கிய கோட்டை 1615இல் தொகுகாவா படைகளிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் அதை மண்ணிட்டு மூடி, 1620களில் அதன்மேல் புதிய கோட்டையை எழுப்பினர். இன்று பயணி வியந்து தொடும் மாபெரும் கருங்கற்கள் ஹிதேயோஷியுடையவை அல்ல. அவர் குலத்தை அழித்தவர்களுடையவை. அவர் காலத்துக் கற்சுவர் நிலத்தடியில் புதைந்து கிடப்பது 1959இல்தான் தெரியவந்தது. தொகுகாவா கோபுரமும் 1665இல் இடி விழுந்து எரிந்தது. அதன்பின் 266 ஆண்டுகள் அங்கே கோபுரமே இல்லை. சாமுராய் ஆட்சியின் கடைசி இரு நூற்றாண்டுகளில் பிறந்து மறைந்த ஒசாகாவாசி எவரும் அங்கே ஒரு கோபுரத்தைக் கண்டதில்லை.

இப்போது நிற்பது 1931ஆம் ஆண்டின் கட்டடம். கீழ்த்தளங்கள் தொகுகாவா பாணியில் வெண்மை. உச்சித்தளம் தொயோதோமி பாணியில் கறுப்பும் பொன்புலிகளும். எந்தக் காலத்திலும் இருந்திராத இணைப்பு இது. ஆயினும் முந்தைய இரு கோபுரங்களும் தனித்தனியே நாற்பது ஆண்டுகளைக்கூட எட்டவில்லை. ‘போலி’ எனப்படும் இதுவோ தொண்ணூறைக் கடந்துவிட்டது. ஜப்பானிய அரசே 1997இல் இதைப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. வயதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இதுவே மூன்றில் மூத்தது.

உண்மையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி, இக்கோபுரம் ஏன் 1931இல் எழுந்தது என்பதுதான். மேயர் செகி ஹாஜிமே 1928இல் திட்டத்தை முன்வைத்தபோது கோட்டையின் உட்பகுதி ராணுவத்தின் கையில் இருந்தது. இடத்தைப் பூங்காவாக விட்டுத்தர ராணுவம் ஒரு விலை கேட்டது: நான்காம் படைப்பிரிவுக்குப் புதிய தலைமையகம். குடிமக்கள் சுமார் 15 லட்சம் யென் நன்கொடை வழங்கினர். அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகை தலைமையகத்துக்குச் சென்றது. கோபுரத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. 1931 செப்டம்பரில் மஞ்சூரியப் படையெடுப்பு தொடங்கியது. நவம்பரில் கோபுரம் திறக்கப்பட்டது. சாமுராய்ப் பெருமிதமும் நவீனப் படையும் ஒரே உண்டியலில் பங்குபோட்டுக்கொண்ட வரலாறு இது. ஜப்பானியக் கோட்டைகளை நவீன காலத்தின் ஆக்கங்களாக ஆராய்ந்து ஒலெக் பெனெஷும் ரான் ஸ்விகென்பெர்க்கும் 2019இல் வெளியிட்ட நூல் எல்லோருக்கும் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

‘அசல்’ வேண்டுவோர் ஹிமேஜியைக் காட்டுவர். 1609இல் முடிந்த அக்கோபுரம் எரியாமல் தப்பியது மெய்தான். ஆனால் 1956 முதல் 1964 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் அது முழுவதும் பிரிக்கப்பட்டு, கான்கிரீட் அடித்தளத்தின்மீது மீண்டும் அடுக்கப்பட்டது. ஹிமேஜி அதனால் சிறுமையடைந்துவிடவில்லை. ஒசாகாவை இகழ எடுக்கும் அளவுகோலை ஹிமேஜியின் வாசலில் மட்டும் கீழே வைத்துவிடுவதுதான் நேர்மையின்மை.

அளவுகோல் வெறும் ரசனை விவகாரமும் அன்று என்பதற்கு நகோயா சாட்சி. 1945 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்த கோபுரம் அங்கே 1959இல் மின்தூக்கியுடன் கான்கிரீட்டில் எழுந்தது. அதை அகற்றி மரத்தாலேயே மூலவடிவில் கட்டுவோம் என்று கிளம்பிய நகராட்சி, மூலத்தில் இல்லாத மின்தூக்கியை வைக்கமாட்டோம் என்று 2018இல் அறிவித்தது. அறுபதாண்டுகள் பழைய கோபுரத்தில் மேலேற முடிந்தவர்களுக்குப் புதிய ‘அசலில்’ இடமில்லை என்று பொருள். மாற்றுத்திறனாளிகள் எதிர்த்தனர். 2023இல் இது குறித்து நடந்த பொதுக் கலந்துரையாடலில், சக்கர நாற்காலியில் வந்திருந்தவரை நோக்கி, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்ற வகையில் வசை எழுந்தது. மின்தூக்கியைக் கண்டு முகம் சுளிக்கும் பயணக்குறிப்புகள் தாம் எந்தக் குரலோடு சேர்ந்து ஒலிக்கின்றன என்பதை அறியாமலே எழுதப்படுகின்றன.

ஒசாகாவில் மறைக்கப்படுவது கான்கிரீட் அன்று. அதை யாரும் மறைக்கவில்லை. 1870இல் கோட்டை வளாகத்தில் தொடங்கிய ஆயுதத் தொழிற்சாலை ஆசியாவின் மிகப்பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. போரின் முடிவில் பள்ளி மாணவர்களும் அங்கே உழைத்தனர். 1945 ஆகஸ்ட் 14 அன்று, சரணடைவு அறிவிப்புக்கு முந்தைய நாள், அது குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று; அருகிலிருந்த கியோபாஷி நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சிய முதன்மைக் கட்டடம் 1981இல் இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் இன்று இசையரங்கு நிற்கிறது. நான்காம் படைப்பிரிவின் தலைமையகம் உணவகங்களும் கடைகளும் கொண்ட மாளிகையாகிவிட்டது. பூங்காவின் ஓரத்தில் 1991இல் திறக்கப்பட்ட அமைதி அருங்காட்சியகம், ஜப்பானியப் படைகள் ஆசியாவில் செய்தவற்றையும் முன்பு காட்டியது. அரசியல் அழுத்தத்தின் பின் 2015இல் மறுதிறப்பானபோது அப்பகுதிகள் அகற்றப்பட்டு, ஒசாகாமீது விழுந்த குண்டுகளே மையமாயின.

கோபுர அடித்தளத்தின் வடகிழக்குப் பகுதியில், அக்குண்டுகள் அசைத்த கற்கள் இடம்பெயர்ந்த நிலையிலேயே இருக்கின்றன. சாமுராய்க் கோட்டை தேடிச் செல்வோரின் படங்களில் அந்த மூலை தென்படுவது அரிது.